ஐந்தில் வைத்திருக்கிறேன்

ஜனவரி 6

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகமும் அக்காவின் முழங்கால் சுகமும் எப்படி? வலி குறைந்துவிட்டதாக அக்கா போனில் சொன்னாராம். அக்கா எப்போதும் அப்படித்தான் சொல்வார் என்றும் இவள் சொல்கிறாள்.

அக்காளைக் கட்டியவரும் தங்கையைக் கட்டியவரும் தபாலில் எழுதிக்கொள்வதைக் கேட்டு ஆபீசில் சிரிக்கிறார்கள். போனை அக்காளும் தங்கையும் எடுத்துக்கொண்ட பிறகு நமக்கு மிச்சம் தபால்தானே! அதுவும் போக, தாளில் பார்த்தால்தான் படம், போனில் பார்த்தால் தபால்தலை என்று நீங்கள்தான் சொல்வீர்கள். அதனால் ஒரு படத்தைத் தாளில் போட்டே அனுப்பியிருக்கிறேன்.

ஆமாம், நான் எடுத்ததுதான். கிரேன் கேபினில் தலைசுற்றி விழுந்ததிலிருந்து துறைமுக வாசலில் கேட் பாஸ் எழுதுகிற மேசைக்கு என்னை மாற்றியிருக்கிறார்கள் அல்லவா? வீட்டுக்கு வந்தால் பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்று இவள் ஒரு காமிராவை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டாள். "வெளிய போய் எதையாவது பாருங்க. சுவத்தையே முறைச்சுக்கிட்டு இருந்தா சுவரே பயந்துடும்" என்றாள்.

இந்தக் காமிரா பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடிக்கிறது அண்ணா. கண்மேல் சின்னதாக ஒரு பச்சைக் கட்டம் வந்து ஒட்டிக்கொள்கிறது. பறவை எங்கே பறந்தாலும் கட்டமும் கூடவே போகிறது. கிடங்குக் கூரைமேல் பருந்து திரும்பியபோது நான் செய்தது பொத்தானை அமுக்கியது மட்டும்தான்.

இன்னொரு விஷயம். தலைசுற்றலுக்குக் காரணமான காதுக் கோளாறு சரியாகிவிட்டது, கேபினுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கைக்கும் கண்ணுக்கும் ஒரு சோதனை வைப்பார்கள், தேறினால் பழையபடி கிரேன். வேண்டாம் என்றால் ஏப்ரல் இருபதாம் தேதி கையெழுத்துப் போட்டுவிட்டு மேசையிலேயே இருந்துவிடலாம். போட்டால் போட்டதுதான், திரும்ப ஏற முடியாது. நாற்பது மீட்டர் உயரத்தை நினைத்தால் இன்னும் உள்ளங்கை வேர்க்கிறது.

கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் தீட்டுகிற உங்கள் கண்ணுக்கு எது தப்பும்? படம் எப்படி என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி


ஜனவரி 19

அன்புள்ள சகலைக்கு,

நலம். அக்காவின் முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் வலிக்கிறது. உங்கள் காது சரியானதில் எங்கள் இருவருக்கும் மகிழ்ச்சி.

படம் கிடைத்தது. கடையில் மேசை விளக்கின் கீழ் உருப்பெருக்கி வைத்துப் பார்த்தேன். பருந்தின் கண்ணுக்குள் கிடங்குக் கூரை தெரிகிறது. இந்தக் கூர்மைக்காக நான் பதினோரு வருஷம் ஏரிச் சேற்றில் நின்றிருக்கிறேன். பறவை எந்தக் கம்பத்தைத் தாண்டி வரும் என்று நாள்கணக்கில் பார்த்துவைத்து, அந்தத் தூரத்துக்கு முன்கூட்டியே ஃபோகஸ் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பேன். ஆயிரம் எடுத்தால் மூன்று தேறும். உங்களுக்கு இரண்டே வாரத்தில் கைகூடியிருக்கிறது. வாழ்த்துகள்.

ஒரு யோசனை. படத்தின் மூலையில் உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில் காமிராவிடமும் ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், வேடிக்கைக்குச் சொன்னேன். வானம் கொஞ்சம் வெளுத்துவிட்டது. வலது இறக்கை நுனி விளிம்பை இடிக்கிறது. மற்றபடி குறை சொல்ல ஒன்றும் இல்லை.

கிரேன் விஷயம் உங்கள் மனது. மேசையிலும் ஒரு சௌகரியம் இருக்கிறது, தலைக்கு மேல் மின்விசிறி ஓடும்.

மச்சினியை விசாரித்ததாகச் சொல்லவும்.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 10

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் சொன்ன வானமும் இறக்கை நுனியும் நூற்றுக்கு நூறு சரி. அடுத்த படத்தில் திருத்திக்கொண்டேன்.

ஒன்றை உங்களிடம் நானே சொல்லிவிட வேண்டும், போன் வழியாக வருவதற்குள். போன வாரம் மாமா இங்கே வந்திருந்தார். பருந்துப் படத்தைப் பார்த்துவிட்டு, "இதைப் பெருசா ஒண்ணு போட்டுக் குடுங்க மாப்ளே" என்றார். மாமனார் கேட்டால் மாட்டேன் என்றா சொல்ல முடியும்? கொடுத்தேன். ஊருக்குப் போனதும் அதைக் கூடத்தில் மாட்டிவிட்டாராம். நீங்கள் எடுத்த நாரைப் படம் இருந்த இடத்தில்.

எனக்குத் தெரியாது அண்ணா. தெரிந்திருந்தால் வேறு சுவர் சொல்லியிருப்பேன். நாரையைத் துணி சுற்றிப் பத்திரமாக அலமாரிக்குப் பின்னால் வைத்திருக்கிறாராம். உங்களுக்கு வருத்தம் இருக்கக் கூடாது.

அக்காவுக்குப் புதுத் தைலம் ஒன்று இவள் அனுப்பியிருக்கிறாள். வந்து சேர்ந்ததா?

உங்கள் தம்பி


மார்ச் 2

அன்புள்ள சகலைக்கு,

தைலம் வந்தது. நாற்றம் பலமாக இருப்பதால் வலி தானே ஓடிவிடும் என்று அக்கா நம்புகிறாள்.

பதில் தாமதமானதற்குக் கடையில் வேலை அதிகம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. வருத்தமா, எனக்கா? மாமாவின் வீடு, மாமாவின் சுவர். ஆணி மட்டும்தான் நான் அடித்தது. ஒன்பது வருஷம் ஒரே நாரையைப் பார்த்தால் யாருக்கும் அலுக்கும். அதுவும் என் நாரை சும்மா நிற்கிற நாரை. பறக்கிற பருந்தோடு அது போட்டி போட முடியுமா?

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வரவேற்புக்குப் போயிருந்தோம். அக்காவின் பெரியம்மா என்னைக் காட்டிப் பக்கத்தில் இருந்தவரிடம், "இவர்தான் எங்க போட்டோக்கார மாப்ளே" என்றார். அந்த அம்மா உடனே, "ஓ, அந்தப் பருந்து எடுத்தவரா?" என்றார். இல்லை, அது கிரேன் மாப்பிள்ளை என்று பெரியம்மா விளக்கினார். அப்படியானால் இவர் என்ன எடுத்தார் என்று அந்த அம்மா கேட்டதற்குப் பெரியம்மா யோசித்துக்கொண்டே இருந்தார். சாப்பாடு பரிமாற ஆரம்பித்துவிட்டதால் தப்பித்தேன். உங்களுக்குச் சிரிப்பு வரும் என்றுதான் எழுதினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

அண்ணன்


மார்ச் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

சிரிப்பு வரவில்லை. பெரியம்மாவுக்கு நான் ஒரு கடிதம் போடட்டுமா? போட்டோக்கார மாப்பிள்ளை என்றால் அது நீங்கள்தான். நான் காமிரா வைத்திருக்கிற கிரேன்காரன்.

அதற்கு ஆதாரம் வேண்டுமானால் கேளுங்கள். பத்து நாளாக ஆலாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். நம் கை நீளம்கூட இல்லாத வெள்ளைப் பறவை. தண்ணீருக்கு மேலே அப்படியே நின்று சிறகடிக்கும், மீனைப் பார்த்ததும் தலைகீழாகப் பாயும். வானத்தில் இருக்கிற வரைக்கும் பச்சைக் கட்டம் கண்ணில் இருக்கிறது. கீழே வந்தால் வம்பு. குறுக்கே ஓர் அலை எழும்பினால் காமிரா பறவையை விட்டுவிட்டு அலையைப் பிடித்துக்கொள்கிறது. அலை அவ்வளவு அழகாக விழுகிறது, ஆலா வெள்ளைத் தீற்றலாக இருக்கிறது.

மெனுவில் ஒன்றிலிருந்து ஐந்து வரை ஓர் அளவு இருக்கிறது. குறுக்கே ஏதாவது வந்தால் காமிரா உடனே அதற்குத் தாவ வேண்டுமா, பழைய பறவையையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமா என்பதை அதுதான் முடிவு செய்கிறதாம். இப்போது நடுவில், மூன்றில் இருக்கிறது. எத்தனையில் வைக்கட்டும்?

எதற்குக் கேட்கிறேன் என்றால், கடலுக்குள் இருக்கிற வெளித்திட்டில் ஆலாக்கள் கூடு கட்டியிருக்கின்றன. அங்கே வருஷத்துக்கு ஒரு நாள்தான் படகு விட அனுமதி. ஏப்ரல் ஐந்தாம் தேதி. எனக்கும் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. இவளிடம்கூடச் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். ஆடுகிற படகில் நின்றுகொண்டு பாய்கிற பறவையை நான் கூர்மையாகப் பிடித்துவிட்டால், கிரேனில் தொங்கிக் காற்றில் ஆடுகிற சரக்குப் பெட்டியையும் கப்பலில் இறக்கிவிடுவேன். பிடித்தால் சோதனைக்குப் போவேன். பிடிக்காவிட்டால் கையெழுத்துப் போடுவேன். சின்னப்பிள்ளைத்தனம்தான், ஆனால் மனதுக்குள் அப்படி முடிச்சுப் போட்டுவிட்டேன்.

உங்கள் தம்பி


மார்ச் 20

அன்புள்ள சகலைக்கு,

இருவரும் நலம். இந்த முறை தாமதிக்காமல் எழுதுகிறேன், பார்த்தீர்களா?

ஆலா லேசுப்பட்ட பறவை இல்லை. ஷட்டர் வேகம் மூவாயிரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. படகில் உட்கார வேண்டாம், கால்களை அகட்டி நின்று முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள், படகின் ஆட்டம் இடுப்போடு நின்றுவிடும். பாய்வதற்கு முன்னால் ஆலா கழுத்தைக் கீழே மடிக்கும். அதைப் பார்த்ததும் அமுக்க ஆரம்பிக்க வேண்டும், பாய்ந்த பிறகு அமுக்கினால் தண்ணீர்தான் கிடைக்கும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். துடைக்கத் துணி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், உப்புத்தண்ணீர் லென்ஸைச் சும்மா விடாது.

நீங்கள் கேட்ட அந்த அளவு. என் காமிராவில் அதை ஐந்தில் வைத்திருக்கிறேன். பதினோரு வருஷமாக மாற்றியதில்லை. எந்த அலை வந்தாலும் அசராது.

நல்லபடியாகப் போய்வாருங்கள்.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 6

அண்ணா,

நேற்றுப் போய்வந்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, தலையும் சுற்றவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரம் படம் எடுத்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை. நீங்கள் சொன்னபடியே நின்றேன், நீங்கள் சொன்னபடியே கழுத்து மடிவதைப் பார்த்து அமுக்கினேன். ஐந்தில்தான் வைத்திருந்தேன். ஆனாலும் அலை, நுரை, பாறை, பக்கத்துப் படகில் இருந்தவரின் தொப்பி, எல்லாம் கூர்மை. ஆலா மட்டும் இல்லை. ஒரு படத்தில் மீன்கூடக் கூர்மையாக இருக்கிறது, பிடித்த அலகு இல்லை. பக்கத்தில் இருந்த தபால்கார அம்மா பழைய காமிராவில் நான்கு நல்ல படம் எடுத்துவிட்டார்.

காமிராவைக் குறை சொல்ல முடியாது. செட்டிங்கையும் குறை சொல்ல முடியாது. மிச்சம் இருப்பது என் கண்ணும் என் கையும்தானே? டாக்டருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டது. மேலே ஏறிக் கீழே நிற்கிறவன் தலையில் பெட்டியை இறக்குவதைவிட, இருபதாம் தேதி கையெழுத்துப் போடுவது எல்லோருக்கும் நல்லது.

அதற்கு முன்னால் உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். அக்காவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி


ஏப்ரல் 18

அன்புள்ள சகலைக்கு,

நலம். உங்கள் கடிதம் கண்டேன். மனது கேட்கவில்லை.

யோசித்துப் பார்த்ததில் ஒன்று நினைவுக்கு வந்தது. உங்கள் காமிரா வேறு கம்பெனி அல்லவா? அந்தக் கம்பெனியில் அந்த அளவு தலைகீழ். என்னுடையதில் ஐந்து என்றால் விடாப்பிடி. உங்களுடையதில் ஐந்து என்றால் கண்டதற்கெல்லாம் தாவும், ஒன்றுதான் விடாப்பிடி. அவசரத்தில் எழுதியபோது மறந்தே போய்விட்டது. வயதாகிறது, என்ன செய்ய?

ஆகவே தப்பு உங்கள் கையில் இல்லை. இது உரிய நேரத்தில் வந்து சேரும் என்று நம்புகிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 23

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் நேற்று, இருபத்திரண்டாம் தேதி வந்தது. இருபதாம் தேதியே கையெழுத்துப் போட்டுவிட்டேன். போய்க் கேட்டுப் பார்த்தேன். பட்டியல் மேலே போய்விட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். பரவாயில்லை. தபால் செய்த வேலைக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்!

சாயங்காலமே அலைத்தடுப்புச் சுவருக்குப் போய் ஒன்றில் வைத்துப் பார்த்தேன். பச்சைக் கட்டம் ஆலாவின் கண்ணிலிருந்து இறங்கவே இல்லை. நாற்பது பாய்ச்சலில் முப்பத்தொன்று கூர்மை. அதில் ஒன்றைச் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். என் கைக்கு ஒன்றும் ஆகவில்லை அண்ணா. அதைத் தெரிந்துகொண்டதே போதும்.

மறந்ததை நினைவு வைத்து எழுதினீர்களே, அதற்கு நன்றி. வேறு யாராவது என்றால் விட்டிருப்பார்கள்.

உங்கள் தம்பி


ஜூலை 30

அன்புள்ள அண்ணனுக்கு,

மூன்று மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. அக்கா, "அவரு நல்லாத்தான் இருக்காரு, ஏரிக்குத்தான் போறதில்ல" என்றாராம். உடம்புக்கு ஏதாவதா? கண்ணில் ஏதாவது கோளாறா? மறைக்காமல் எழுதுங்கள்.

இங்கே நகர மன்றத்தில் படக் கண்காட்சி வைத்தார்கள். என் ஆலாவுக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். படத்துக்குக் கீழே அட்டையில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டார்கள். 'ஃபோகஸ் அளவு சொல்லிக் கொடுத்தவர்: என் சகலை' என்று போடச் சொன்னேன். மாமா வந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார். "பாருங்க, ரெண்டு மாப்பிள்ளையும் ஒரே படத்துல இருக்காங்க" என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் காட்டினார். அட்டையையும் சேர்த்து எடுத்த போட்டோ உள்ளே இருக்கிறது.

பதில் போடுங்கள்.

உங்கள் தம்பி


ஆகஸ்ட் 9

அன்புள்ள சகலைக்கு,

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. கண்ணும் நன்றாக இருக்கிறது.

அட்டையைப் பார்த்தேன். அந்த வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். நான் மறக்கவில்லை. லென்ஸில் பிளஸ் எது, மைனஸ் எது என்று நாள் முழுக்கப் பார்த்துச் சோறு தின்கிறவன் நான். எண் தலைகீழானால் என்ன ஆகும் என்பது எனக்கா மறக்கும்? ஜனவரியில் உங்கள் பருந்து வந்த மறுவாரமே காமிராக் கடைக்குப் போனேன். மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய், வாங்குகிறவனைப் போல உங்கள் காமிராவைக் கையில் வைத்து மெனுவை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அந்தப் பச்சைக் கட்டம் கடை வாசலில் போன காக்கையின் கண்ணில் போய் உட்கார்ந்தபோது எனக்கு வயிறு எரிந்தது. பதினோரு வருஷச் சேறு ஒரு பொத்தானுக்குள் அடங்கிவிட்டது.

நான் எழுதியதில் பொய் இல்லை. என் காமிராவில் ஐந்தில்தான் வைத்திருக்கிறேன். அந்த வாக்கியத்தை மூன்று தடவை எழுதிப் பார்த்து, யாரும் பிடிக்க முடியாதபடி சரி செய்த பிறகுதான் உறையில் போட்டேன். நீங்கள் மனதுக்குள் முடிச்சுப் போட்டதாக எழுதிய வரியையும் படித்துவிட்டுத்தான் எழுதினேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் நீங்கள் வெறுங்கையோடு திரும்பி வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

உங்கள் ஏப்ரல் கடிதம் பத்தாம் தேதியே வந்துவிட்டது. படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு டீ குடித்து முடிக்கிற வரைக்கும் இருந்தது. பிறகு இருபதாம் தேதி நினைவுக்கு வந்தது. போன் எதிரில்தான் இருந்தது. தபாலுக்கு நாலு நாள் ஆகும் என்பதும் தெரியும். பருந்தும் உங்களுக்கு, மாமா வீட்டுச் சுவரும் உங்களுக்கு, கேபினும் திரும்பக் கிடைத்துவிட்டால் எனக்கு என்ன மிச்சம் என்று எட்டு நாள் உட்கார்ந்திருந்தேன். பதினெட்டாம் தேதி எழுதினேன். தபால் தாமதிக்கவில்லை சகலை. நான்தான் தாமதித்தேன்.

அக்காவுக்கு இது தெரியாது. திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

அண்ணன்


செப்டம்பர் 2

அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அக்காவின் முழங்காலைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். முதல் இரண்டில் திட்டு இருந்தது. மூன்றாவதில் பரவாயில்லை என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தால் பொய்யாக இருந்தது.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஐந்து என்று நீங்கள் எழுதிய கடிதம் வந்த அன்றைக்கே இவள் காமிராவோடு வந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். "இங்க ஒண்ணுன்னு போட்டிருக்குங்க. ஒண்ணுல வச்சாத்தான் விடாமப் பிடிக்குமாம்" என்று பக்கத்தைக் காட்டினாள். நானும் படித்தேன். தெளிவாகத்தான் போட்டிருந்தது. "புத்தகம் எழுதினவன் சேத்துல நின்னிருப்பானா? அண்ணன் பதினோரு வருஷமா நிக்கிறாரு" என்று மூடி வைத்தேன். படகில் ஐந்நூறு படம் வீணான பிறகு, ஒன்றுக்கு மாற்றிப் பார்க்கலாமா என்று விரல் போனது. சட்டைப் பையில் உங்கள் கடிதம் இருந்தது. விரலை எடுத்துக்கொண்டேன்.

கேபினில் இப்போது வேறு ஆள். நன்றாகத்தான் ஓட்டுகிறார். காலையில் அவர் உள்ளே போக நான்தான் பாஸ் எழுதிக் கொடுக்கிறேன். அவர் ஏணியில் ஏறி முடிக்கிற வரைக்கும் பார்க்கிறேன்.

அட்டையை எடுக்கச் சொல்லவில்லை. கண்காட்சியே முடிந்துவிட்டது.

ஏரிக்குப் போங்கள். எந்தப் பறவை வந்தது, தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது, அதையெல்லாம் எழுதுங்கள், படிக்கிறேன். எண் மட்டும் எதுவும் எழுத வேண்டாம். எழுதினால் நான் அதில்தான் வைப்பேன்.

சகலை